நாளொன்றுக்கு நானூறு வாக்கியங்கள்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் பெயர் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால், ஒரு வாக்கியத்தை ஒரே குழந்தை முழுதாக எழுதத் தேவையில்லை, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் நாளொன்றுக்கு நானூறு வாக்கியங்களை ‘உற்பத்தி’ செய்யலாம் என்று கண்டுபிடித்த மகான் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் என் பள்ளிக்கூடத்தில், என் அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைக் கண்டுபிடித்தார். அந்த நேரத்தில் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இந்த வரலாற்றை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

என் பெயர் நத்தானியேல். ஆம்பூரை ஒட்டி, நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சபைத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். பிள்ளைகள் என்னைப் ‘பெரிய சார்’ என்பார்கள். பள்ளியில் சின்ன சார் என்று யாரும் கிடையாது. அதற்காகப் பெரியவன் பெரியவன் இல்லை என்று ஆகிவிடுமா? எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் அம்மாக்கள் பக்கத்தில் இருக்கும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளை நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

2002 ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘இரண்டாம் வகுப்பு முடிவில் ஒவ்வொரு குழந்தையும் எளிய வாக்கியங்களைத் தானாக அமைக்கும் திறன் பெற்றிருத்தல் வேண்டும். பெறாதவிடத்து அதற்கான விளக்கம் தலைமையாசிரியரிடமிருந்து எழுத்துமூலம் பெறப்படும்.’ முதல் வாக்கியத்தை நான் பதற்றமில்லாமல்தான் படித்தேன். இரண்டாவது வாக்கியத்தைப் படித்தபோதுதான் எனக்குக் கல்வியின் மேல் அக்கறை பிறந்தது.

இரண்டாம் வகுப்புக்கு டீச்சர், பொன்மலர். திமிரிப் பக்கத்துப் பெண். ஆம்பூரில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கியிருந்தார். அரசாங்கச் சம்பளம் இல்லாத, நிர்வாகமே போட்டுக்கொண்ட வேலை. ‘அடுத்த ஜூன்ல பர்மனென்ட் ஆயிடும்மா’ என்று மூன்று வருடமாக நான் அவரிடம் சொல்லிவந்தேன். அவரும் மூன்று வருடமாக அதை நம்பிவந்தார். இருவரில் யாருக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொல்வது கடினம்.

பொன்மலர் டீச்சரின் கற்பிக்கும் முறை மிகவும் பின்தங்கியது. அவர் குழந்தைகளைப் பேசவிட்டார்.

‘நேத்து இன்னா பாத்தே?’ என்று கேட்பார். குழந்தை ‘வந்துச்சு’ என்னும். இன்னா வந்துச்சு என்றால் பஸ் என்னும். பஸ் யாரை இட்டுனு வந்துச்சு என்றால் அம்மாவை என்னும். இப்போது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல் என்பார். குழந்தை மேலே பார்க்கும், கீழே பார்க்கும், சட்டைப் பொத்தானைக் கடிக்கும். அப்புறம், ‘பஸ்ஸு எங்கம்மாவ இட்டுனு வந்துச்சு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தானே சிரிக்கும். அதை அதன் கையாலேயே சிலேட்டில் எழுதவைக்காமல் டீச்சர் விடமாட்டார். ஒரு வாக்கியத்துக்கு இருபது நிமிஷம். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். சுற்றறிக்கை கேட்ட திறன் வந்து சேர்வதற்குள் பிள்ளைகளுக்கு மீசை வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

அப்படிப் பாடுபட்டு எழுதும் வாக்கியங்களாவது எழுதத்தக்கவையா என்றால் அதுவும் இல்லை. ஜாஸ்மின் என்று ஒரு குழந்தை. அதன் அம்மா விஜயகுமாரி, கம்பெனியில் ஷூவுக்குப் பசை தடவுகிறவர். அந்தக் குழந்தை ஒருநாள் சிலேட்டில், ‘அம்மா கையில பசை வாசனை வருது’ என்று எழுதிக் கொண்டுவந்து என்னிடமே காட்டியது. பாடப் புத்தகத்தில் மயில் ஆடுகிறது, கிளி பழம் தின்கிறது. எந்த அம்மாவின் கையிலும் எந்த வாசனையும் இல்லை. நான் டீச்சரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். ஜாஸ்மின் மயிலைப் பார்த்ததே இல்லை, அம்மா கையைத்தான் தினமும் பார்க்கிறாள் என்றார் அவர். புத்தகத்தில் அத்தனை அழகாகப் படம் போட்டிருக்கும்போது மயிலை எதற்கு வேறு பார்க்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த நெருக்கடியில்தான் பஞ்சாட்சரம் எங்களுக்கு வாய்த்தார்.

ஷூ கம்பெனியில் முப்பது வருடம் இருந்து, புரொடக்‌ஷன் மேனேஜராக ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மனைவியின் சமையலைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறார். அந்த அம்மாள் கம்பெனி முதலாளி வீட்டுக்கே போய் அழுததாகவும், முதலாளி மனமிரங்கி இவரை எங்கள் பள்ளிக்குக் ‘கல்வி மேம்பாட்டு ஆலோசகர்’ ஆக அனுப்பிவைத்ததாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன். அவரோடு கம்பெனி நன்கொடையாகப் புது பெஞ்சுகளும் நான்கு மின்விசிறிகளும் வந்தன. மின்விசிறி கொடுத்தவரின் ஆலோசனையை மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் நிர்வாகத்தில் இல்லை.

அவர் ஒருநாள் முழுக்கப் பொன்மலர் டீச்சரின் வகுப்பில் கடைசியில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். மறுநாள் என் அறைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

‘ஒரு ஷூ எத்தன கை மாறுது தெரியுமா சார்?’ என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

‘எழுவத்தஞ்சு கை. ஒருத்தி ஓட்ட போடுவா, ஒருத்தி நூல் வெட்டுவா, ஒருத்தி பசை தடவுவா. முழு ஷூ பண்ணத் தெரிஞ்சவ ஒருத்தி கெடையாது. அதனாலதான் அது ஜெர்மனி போவுது. உங்க டீச்சர் இன்னா பண்றாங்க? ஒவ்வொரு புள்ளையும் தனித்தனியா முழு ஷூ பண்ணுன்றாங்க.’

எனக்கு மெய்சிலிர்த்தது. முப்பத்தோரு வருட சர்வீஸில், பிள்ளைகள் ஏன் தேறுவதில்லை என்பதற்கு இத்தனை தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. முழுதாக ஒன்றைச் செய்யச் சொல்லிப் பிஞ்சுகளை நாங்கள் இத்தனை காலம் வதைத்துவந்திருக்கிறோம்.

அடுத்த திங்கட்கிழமை ‘வாக்கிய உற்பத்தி வரிசை’ தொடங்கியது. தாளாளர் ஜெபித்து ரிப்பன் வெட்டினார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் நான்கு பெஞ்சுகளில், பெஞ்சுக்கு எட்டுப் பேராக உட்காரவைக்கப்பட்டார்கள். முதல் பெஞ்சு ‘யார்’ பிரிவு. இரண்டாவது ‘எதை’ பிரிவு. மூன்றாவது ‘செய்தது’ பிரிவு. நான்காவது ‘புள்ளி’ பிரிவு. ஷூவுக்குள் வைக்கும் அட்டையை வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளைக் கம்பெனி மூட்டையாக அனுப்பியது. முதல் பெஞ்சுப் பிள்ளை துண்டில் ‘பூனை’ என்றோ ‘யானை’ என்றோ எழுதிப் பின்னால் தள்ளும். இரண்டாவது பெஞ்சு ‘பாலை’ என்றோ ‘தோசையை’ என்றோ சேர்க்கும். மூன்றாவது பெஞ்சு ‘குடித்தது’, ‘தின்றது’, ‘தைத்தது’ இவற்றில் ஒன்றைப் போடும். நான்காவது பெஞ்சு முற்றுப்புள்ளி வைத்து அட்டைப் பெட்டியில் போடும். முன்னால் உள்ளவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்கக் கூடாது. படித்தால் வேகம் கம்மியாகும் என்பது பஞ்சாட்சரத்தின் முதல் விதி. பேசக் கூடாது என்பது இரண்டாவது.

பொன்மலர் டீச்சருக்கு ‘லைன் சூப்பர்வைசர்’ என்று பதவி உயர்வு தரப்பட்டது. அவர் அதற்காக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் எண்பத்தாறு வாக்கியங்கள். ஒரு வாரத்தில் இருநூறு. ஆகஸ்ட் சுதந்திர தினத்துக்குள் நானூறைத் தொட்டுவிட்டோம். வகுப்பு வாசலில் கரும்பலகை தொங்கியது: ‘இன்றைய இலக்கு 400. முடித்தது 412. கழிவு 3.’ எழுத்துக் கோணலாக இருந்தால் மட்டும்தான் கழிவு. ‘யானை தோசையைத் தைத்தது’ என்பது நேராக எழுதப்பட்டிருந்ததால் தேறிவிட்டது. எனக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம். யானை எப்படித் தோசையைத் தைக்கும் என்று பஞ்சாட்சரத்திடம் கேட்டேவிட்டேன்.

‘ஷூவ பாத்து, இது எந்த ஊருக்கு நடந்து போவும்னு நாம கேக்கறமா சார்?’ என்றார். ‘அது போட்டுக்கறவன் பேஜாரு.’

வாக்கியங்கள் டஜன் டஜனாக ரப்பர் பேண்டு போட்டு, ஷூப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு என் அறைக்கு வந்தன. செப்டம்பரில் ஜன்னல் மறைந்தது. அக்டோபரில் என் ஸ்டூலை வராந்தாவில் போட வேண்டியதாயிற்று. ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் உட்கார இடமில்லாத அளவுக்குக் கல்வி பெருகுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெற்றோருக்கும் பூரிப்பு. புள்ளிப் பிரிவில் ஜோவின் என்று ஒரு பையன். ஜூன் மாதத்திலிருந்து அவன் முற்றுப்புள்ளியைத் தவிர எதையும் எழுதியதில்லை. ஆனால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். வட்டமாக, கறுப்பாக, ஒரு பிசிறு இல்லாமல் இருக்கும். அவன் அப்பா கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். ‘எம்புள்ள இப்பவே பினிஷிங்ல இருக்கான்’ என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வாராம். காலாண்டுத் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் ஜோவின் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தான். எந்தக் கேள்வியையும் இழுத்தடிக்காமல் முடித்துவைத்த ஒரே மாணவன் என்பதால் நான் அவனைத் தேற்றிவிட்டேன்.

பொன்மலர் டீச்சர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் வராந்தாவுக்கு வந்து நின்றார்.

‘காத்தால இன்னா சாப்ட்டேன்னு ஜாஸ்மின கேட்டேன் சார். “தின்றது”ன்றா. யாரு இன்னாத்த தின்னாங்கன்னு கேட்டா, “அது வேற பெஞ்சு டீச்சர்”ன்றா.’

சரியாகத்தானே சொல்லியிருக்கிறாள், செய்தது பிரிவுக்காரி வேறென்ன சொல்வாள் என்றேன்.

‘ஜூன் மாசம் அந்தப் புள்ள அவங்கம்மாவ பத்தி எழுதுச்சு சார். இப்ப அதுக்கு அம்மாவே வேற பெஞ்சுல இருக்காங்க.’

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் வகுப்புக்குள் கம்பெனி மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ஜூனில் பர்மனென்ட் ஆக வேண்டாமா, இந்த நேரத்தில் கம்பெனியைப் பகைத்துக்கொள்ளலாமா என்று புத்தி சொல்லி அனுப்பினேன். அவர் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் குழாயடியில் தட்டுக் கழுவும் நேரத்தில், டீச்சர் அங்கே போய் நின்று அவர்களிடம் ஏதேதோ கேட்பது என் கண்ணில் பட்டது. ‘யாரு? யாரை? இன்னா பண்ணாங்க?’ என்பது காதிலும் விழுந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஈரத் தட்டோடு நின்று ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தது. கணக்கில் வராத இந்த உற்பத்தியை நான் தடுக்கவில்லை. என் பெருந்தன்மைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஜனவரியில் ஜெர்மன் அம்மாள் வந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் ஷூவை வாங்குகிற ஜெர்மன் கம்பெனி, அதில் குழந்தைகளின் கை பட்டிருக்கிறதா என்று பார்த்துவர வருடத்துக்கு ஒருமுறை ஒருவரை அனுப்பும். பட்டிருந்தால் ஆர்டர் கிடையாது. இந்த விஷயத்தில் பக்கத்துக் கம்பெனி உண்மையிலேயே சுத்தம். பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு ஈ கூட உள்ளே போக முடியாது. அந்த அம்மாள் காலையில் மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதி, பேனாவை மூடிவிட்டார். அப்படியே காரில் ஏறிப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் பஞ்சாட்சரத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் தொழிலாளிகளின் பிள்ளைகளை நாம் எப்படிப் படிக்கவைக்கிறோம் என்று காட்டினால் அந்த அம்மாள் அசந்துபோய் ஆர்டரை இரட்டிப்பாக்குவார் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளியும் சரி என்றார்.

இரண்டு நாள் முன்பிருந்தே ஏற்பாடுகள் நடந்தன. சாக்பீஸ் தூள் படாமலிருக்கக் கம்பெனி ஸ்டோரிலிருந்து நீல மேலங்கிகளும் தொப்பிகளும் வந்தன. பிள்ளைகளின் அளவுக்கு அவற்றை வெட்டித் தைத்தார்கள். விருந்தினருக்குப் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சொல்லிவைத்தேன்.

அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே முப்பத்திரண்டு ஏழு வயதுக் குழந்தைகள், நீல மேலங்கியும் தொப்பியும் அணிந்து, ஷூ அட்டைத் துண்டுகளைக் குனிந்த தலை நிமிராமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரியவர் கையில் கடிகாரத்தோடு நின்றார். மூலையில் ஷூப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கரும்பலகையில் அன்றைய இலக்கு எழுதியிருந்தது. அந்த அம்மாளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எங்கள் முறையின் நுட்பத்தில் அவர் பேச்சிழந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து தமிழ்வேந்தன் என்று ஓர் இளைஞர் வந்திருந்தார். காதில் விழுந்ததை அப்படியே மொழிபெயர்த்துவிடும் ஆபத்தான நேர்மை அவருக்கு இருந்தது. அந்த அம்மாள் சொல்ல, அவர் ஜோவின் பக்கத்தில் குனிந்தார்.

‘தம்பி, நீ இங்க என்ன பண்றே?’

‘பினிஷிங்.’

‘எத்தனை நாளா?’

‘ஜூன்லேந்து.’

‘ஒரு நாளைக்கு எவ்வளவு?’

‘எங்க பெஞ்சுக்கு நானூறு பீஸு. கம்மியா போனா மதியானம் வெளாட வுட மாட்டாங்க.’

தமிழ்வேந்தன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் மூடிய பேனாவைத் திறந்தார்.

பஞ்சாட்சரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இது பள்ளிக்கூடம், இவர்கள் படிக்கிறார்கள் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் சொல்லிப் பார்த்தார். பெரியவர்கள் சொல்வது வேண்டாம், பிள்ளைகள் சொல்லட்டும் என்று பதில் வந்தது. எப்பேர்ப்பட்ட வாய்ப்பு பாருங்கள். ‘நாங்க இங்க படிக்கிறோம்.’ மூன்றே சொற்கள். முப்பத்திரண்டு பேரில் யாராவது ஒருத்தர் சொன்னால் போதும்.

‘சொல்லுங்கடா, நீங்க இன்னா பண்றீங்கன்னு ஒரு வாக்கியம் சொல்லுங்கடா’ என்று பஞ்சாட்சரம் கெஞ்சினார்.

வாக்கியம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதல் பெஞ்சுப் பிள்ளை ஓர் அட்டையை எடுத்தது. அட்டை இரண்டாவது பெஞ்சுக்குப் போனது, மூன்றாவதுக்குப் போனது, ஜோவின் கையில் புள்ளி வாங்கியது. அரை நிமிஷத்துக்குள் தமிழ்வேந்தன் கைக்கு வந்துவிட்டது. அத்தனை வேகத்தை நாங்கள் அதற்கு முன் எட்டியதே இல்லை. அவர் அதைப் படித்தார். ‘யானை பாடத்தைத் தைத்தது.’ அதையும் அப்படியே மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பொன்மலர் டீச்சர் அப்போது என் பக்கத்தில் வந்தார். ‘ஒரு நிமிஷம் வுடுங்க சார். ஜாஸ்மின நான் கேக்கறேன். அவ சொல்லிடுவா’ என்று மெல்லச் சொன்னார்.

அவள் சொல்லியிருப்பாள். இன்று யோசித்துப் பார்த்தால் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஞ்சாட்சரம் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் சூப்பர்வைசர் இடத்தில் நிற்க வேண்டும் என்று நான் அடிக்குரலில் அதட்டினேன். அவர் போய் நின்றார். அந்த அம்மாள் காரில் ஏறினார். பிரியாணி அப்படியே ஆறிப்போயிற்று.

பத்தாம் நாள் ஆர்டர் நிறுத்திவைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. ஒரு ஷிப்ட் அம்மாக்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், ஜாஸ்மினின் அம்மா விஜயகுமாரி உட்பட. நடந்ததற்கு விளக்கம் அனுப்பினால் மேற்கொண்டு யோசிப்போம் என்று ஜெர்மனியிலிருந்து எழுதியிருந்தார்கள். தாளாளர், பஞ்சாட்சரம், நான் என்று மூவர் குழு அமர்ந்தது. இரண்டு மணி நேரம் ஆலோசித்து நாங்கள் அமைத்த வாக்கியம் இது: ‘எதிர்பாராத விதமாகச் சில சூழ்நிலைகள் ஏற்பட்டுவிட்டமைக்கு வருந்தப்படுகிறது.’ தேடித் தேடிப் பார்த்தாலும் அதற்குள் ஓர் ஆள் அகப்பட மாட்டான். வருந்துகிறவன் யார் என்றுகூடத் தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. ‘யார் ஏற்படுத்தியது?’ என்று ஒரே வரி. ஜெர்மன்காரர்களுக்கு மரியாதை கம்மி.

குழு மறுபடி அமர்ந்தது. தாளாளர் கூரையைப் பார்த்தார். பஞ்சாட்சரம் மின்விசிறியைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். வாசலில், வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பொன்மலர் டீச்சர் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘வகுப்பாசிரியை பொன்மலர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் குழந்தைகளுக்கு மேலங்கி அணிவித்து, வரிசையில் உட்காரவைத்து இச்செயலில் ஈடுபட்டுள்ளார். அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டார்.’ எழுதி, அடியில் கையொப்பமும் இட்டேன்.

மறுநாள் அவர் வந்தார். அழுவார் என்று எதிர்பார்த்து ஆறுதல் மொழிகள் சிலவற்றைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அழவில்லை.

‘யாரு சார் இந்த முடிவ எடுத்தது?’ என்று கேட்டார்.

‘எடுக்கப்பட்டதும்மா’ என்றேன்.

‘அதான் சார், யாரு?’

‘மேலிடத்துல...’

‘ஏழு வயசுப் புள்ளைங்ககிட்ட யாருன்னு கேட்டா, பொத்தானக் கடிச்சிட்டாவது பதில் சொல்லும் சார்’ என்றார்.

அன்று கடைசி வகுப்பை அவர் எடுத்தார். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து பதில் சொல்லின. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கையில் ஒரு பையோடு நின்றார், திமிரிக்குப் போக. நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அன்று சுற்றிக்கொண்டு போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெட்கத்தைத் தெரிவிக்கப் படிவம் எதுவும் இல்லாததால் அதை யாருக்கும் தெரிவிக்கவில்லை.

ஜெர்மனிக்குத் திருப்தி. ஆர்டர் திரும்பி வந்தது. உற்பத்தி வரிசையைக் கலைத்துவிட்டோம். பஞ்சாட்சரம் சோளிங்கர் மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து ஓய்வை முறையாகத் தொடங்கினார். வேறு டீச்சர் கிடைக்காததால் இரண்டாம் வகுப்பை நானே எடுத்தேன்.

மார்ச் மாதம் ஆய்வுக்கு உதவிக் கல்வி அலுவலர் கோவிந்தசாமி வந்தார். ஜூன் மாதச் சுற்றறிக்கைப்படி பிள்ளைகளுக்கு வாக்கியத் திறன் வந்துவிட்டதா என்று சோதிப்பது அவர் வேலை. நான் அதற்காக முப்பத்திரண்டு பேருக்கும் ‘மயில் ஆடுகிறது’ என்பதைக் குத்திக் குத்தி ஏற்றிவைத்திருந்தேன். அவர் உட்கார்ந்ததும், புத்தகத்தில் உள்ளது வேண்டாம், யாராவது ஒருத்தர் வந்து கரும்பலகையில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஜாஸ்மின் எழுந்தாள்.

கரும்பலகை அவளுக்கு எட்டவில்லை. நானே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். அவள் ஏறி நின்று யோசித்தாள். பொத்தானைக் கடித்தாள். அப்புறம் ‘பெரிய சார்’ என்று எழுதினாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. உலகத்தில் எத்தனையோ இருக்க, குழந்தை என்னிடமிருந்து தொடங்குகிறதே என்று அலுவலரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவள் அடுத்ததாக ‘பொன்மலர் டீச்சரை’ என்று எழுதினாள். நான் புன்னகையை நிறுத்தினேன். மூன்றாவது சொல்லை அவள் ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் எழுதி முடித்தாள்.

அலுவலர் வாய்விட்டுப் படித்தார். ‘பெரிய சார் பொன்மலர் டீச்சரை அனுப்பிட்டாரு.’

அவருக்குச் சந்தோஷம். முழு வாக்கியம், சொந்த வாக்கியம் என்றார். இப்படி எழுத யாரம்மா சொல்லிக் கொடுத்தது என்று அவளையே கேட்டார். ஜாஸ்மின் விரலை நீட்டி நடுவில் இருந்த பெயரைத் தொட்டாள். அவங்க இப்போ எங்கே என்றார். அவள் கடைசிச் சொல்லைத் தொட்டாள். முதலில் இருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அதையும் தொட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கோவிந்தசாமியும் என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஆய்வுப் படிவத்தை எடுத்து என் முன் வைத்தார். மாணவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே படியெடுத்து, அதில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டி, தலைமையாசிரியர் தம் கைப்படச் சான்றளிக்க வேண்டும் என்பது விதி. ‘நல்லா பாத்து எழுதுங்க சார்’ என்றார்.

நல்லாவே பார்த்தேன். கால் மணி நேரம் பார்த்தேன். கடைசிச் சொல்லைப் பேச்சு வழக்கு என்று கழித்துவிடலாம் என்று ஒரு கணம் பேனா துடித்தது. ஜாஸ்மின் இன்னும் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. என் அழகான கையெழுத்தில், அந்தக் கட்டத்துக்குள் நான் எழுதியது இதுதான்:

‘“பெரிய சார் பொன்மலர் டீச்சரை அனுப்பிட்டாரு.” மேற்படி வாக்கியம் மாணவி தானாக அமைத்தது. இதில் பிழை ஏதும் இல்லை. அனைத்தும் உண்மை எனச் சான்றளிக்கிறேன். ஒப்பம், எஸ். நத்தானியேல், தலைமையாசிரியர்.’